முத்தழகுக்குக் கண் தொறந்த கதை

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வைய மொத்தமா இழுக்காத, அத்தைக்கும் கொஞ்சம் வேணும். நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், கோதை. இல்லேன்னா நான் சுவத்துக்குக் கதை சொன்ன மாதிரி ஆயிரும்.

ஒரு ஊர்ல ஒரு தம்பி இருந்தான். யாரு தம்பி? என் தம்பிதான். உங்கப்பாவுக்கு அண்ணன், உனக்குப் பெரியப்பா. பேரு முத்தழகு. பேருல மட்டுந்தான் அழகு. காது ரெண்டும் இப்படி விரிஞ்சு நிக்கும். பல்லு அவனுக்கு முன்னாடி வந்து நம்மள விசாரிக்கும்.

“ம்.”

சிரிக்காத, உனக்கும் அதே பல்லுதான். அந்த முத்தழகுக்குப் பல்லின்னா பயம். சுவத்துல ‘இச் இச்’சுன்னா போதும், பாயைச் சுருட்டிக்கிட்டு தடதடதடன்னு ஓடியாந்து என் பக்கத்துல படுத்துக்குவான். மீசை முளைச்ச பின்னாடியும் இதே கூத்து. அப்புறம் படிச்சான், படிச்சான், படிச்சுக்கிட்டே இருந்தான். ஒரு நாள் விமானப்படையில சேந்துட்டான். ப்ளேன்ல பல்லி இருக்காதுல்ல, அதான் போயிட்டான்னு நான் ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் அவன் பெரிய ஆளாயிட்டான். குண்டு போடுற ப்ளேன் பன்னெண்டு, அதுக்கெல்லாம் அவன்தான் தலைவன். விங் கமாண்டர் முத்தழகு! லீவுல வந்தா உங்க அப்பத்தா வாளிய நீட்டி, “கமாண்டரே, ரெண்டு வாளி தண்ணி எறைச்சுட்டு வாங்க”ம்பா. அவனும் டக்குன்னு காலைச் சேத்து ஒரு சலாம் போட்டுட்டு கெணத்தடிக்குப் போவான். கல்யாணம் மட்டும் கட்டிக்கல. அந்தக் காதைப் பாத்து எவ சம்மதிப்பான்னு நான் கேலி பண்ணுவேன்.

அப்போ சண்டை வந்துருச்சு. தலைவன்னா பின்னாடி உக்காந்து கையைக் காட்டுவான்னு நெனச்சியா? அவங்க வழக்கம் அப்படி இல்ல. தலைவன் ப்ளேன்தான் முன்னாடி போகும். மொத நாளு போனான். எதிரியோட ப்ளேனெல்லாம் ஓடி ஏறுற பாதை இருக்குல்ல, அதுல ‘ஊஊய்ங்... டமார்!’ போட்டுட்டுத் திரும்பி வந்துட்டான். அதுக்கு ஒரு பதக்கம் குடுத்தாங்க.

என்னடி? குண்டு போட்டா ஆளுங்க சாக மாட்டாங்களான்னா கேக்குற? சாவாங்க. அந்தப் பக்கமும் அம்மாக்காரிங்க இருப்பாங்க. எனக்கு அது எப்பவும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும். சண்டை நல்ல சமாச்சாரம் இல்ல கண்ணு, உங்கிட்ட நான் பொய் சொல்லல.

“ம்.”

அப்புறம் நாலாம் நாளு மறுபடியும் போனாங்க. மூணு ப்ளேன். போன காரியம் முடிஞ்சு திரும்புறப்போ, கடைசி ப்ளேன் குபுகுபுன்னு புகைய விட்டுக்கிட்டு மெல்ல வருது. கீழேருந்து பீரங்கி பட் பட் பட் பட்! தப்பிச்சு வந்துக்கிட்டிருந்த முத்தழகு என்ன பண்ணான்? தன் ப்ளேனைத் திருப்பிக்கிட்டு அந்தப் பீரங்கிக்கு நேரா போனான். எல்லாப் பீரங்கியும் அவனையே பாத்துச் சுட்டுச்சு. அந்தச் சந்துல புகைஞ்ச ப்ளேன் தப்பி வந்துருச்சு. இவன் வரல. இவன் கூட அதே ப்ளேன்ல வழி சொல்ல உக்காந்திருந்த ஆபீசரும் வரல. அதுக்கும் ஒரு பதக்கம் வந்துச்சு. வாங்கிக்கத்தான் ஆள் இல்ல. உடம்பு கூடக் கெடைக்கல.

எனக்கு இன்னைக்கும் அவன நெனச்சாப் பெருமையாவும் இருக்கு, ஆத்திரமாவும் இருக்கு. சரி, மூக்க உறிஞ்சாத. மேல கேளு.

தந்தி வந்துச்சு. தபால்காரர் படிச்சுச் சொன்னாரு. அப்பத்தா “சரி”ன்னா. போய் ஆட்டுக்கல்லுல உக்காந்து கடகடகடன்னு மாவாட்டினா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சோறும் ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஒரு வருஷமாச்சு. எலும்பும் தோலுமா ஆயிட்டா. இவ அழாம இருந்தா நம்ம கைக்குத் தங்க மாட்டாளோன்னு எனக்குப் பயம்.

அப்போ ஊர்த் தலைவர் வந்து, “ஆத்தா, நம்ம முத்தழகுக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு சிலை வைக்கிறோம்”னாரு. சிலை யாரு செய்யிறது? சங்கிலி வேளார்தான். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அய்யனார் கோயிலுக்கு மண்ணுல சாமி செய்யிறது. செஞ்சு, சூளையில சுட்டு, வர்ணம் பூசி, கடைசியாத்தான் கண்ணு எழுதுவாரு. அதுக்குக் கண் தொறக்குறதுன்னு பேரு. கண்ணத் தொறந்துட்டா அப்புறம் அது மண்ணு இல்ல, சாமி.

“நான் பாத்துச் சரின்னாத்தான் கண்ணத் தொறக்கணும்”னா அப்பத்தா.

அப்புறம் மொத சிலை வந்துச்சு. ஆத்தாடி! வெள்ளைக் குதிரை, கையில வீச்சருவா, காது வரைக்கும் மீசை. தலையில மட்டும் விமானப்படைத் தொப்பி! “குதிரை எதுக்கு வேளாரே?”ன்னு கேட்டா அப்பத்தா. “ப்ளேன் செய்யத் தெரியாது ஆத்தா, ஏறிப் போறதுக்கு ஏதாச்சும் வேணும்ல”ன்னாரு அவரு. வேணாம்னுட்டா. அது கண்மாய்க் கரைக்குப் போயிருச்சு. இப்ப அதுக்குப் பொங்கலெல்லாம் வைக்கிறாங்க.

“ம்.”

அப்புறம் ரெண்டாவது சிலை. இந்தா அகலத்துக்கு நெஞ்சு, புஜமெல்லாம் பூசணிக்கா, ரெண்டு கையிலயும் துப்பாக்கி. அப்பத்தா சுத்திச் சுத்திப் பாத்தா. “என் பிள்ளை பல்லிக்குப் பயந்தவன். இவனைப் பாத்தா பல்லி பயப்படும். யாரு இவன்?”னுட்டா. சினிமாக் கொட்டகைக்காரர் கேட்டு வாங்கிட்டுப் போய் வாசல்ல நிறுத்திக்கிட்டாரு.

அப்புறம் மூணாவது. வேளாருக்கு ரோசம் வந்துருச்சு. படையிலேருந்து போட்டோ வரவழைச்சாரு. எங்கிட்ட வந்து, “காது எவ்வளவு விரியும் தாயி?”ன்னு கேட்டு, என் விரலால அளவு வாங்கிட்டுப் போனாரு. வந்து நின்னான் பாரு, அப்படியே முத்தழகு! அதே காது, அதே பல்லு, நெஞ்சுல ரெண்டு பதக்கம். அப்பத்தாவால ஒரு குத்தமும் சொல்ல முடியல. மெல்ல, “சரி”ன்னா.

ஊரே கூடிருச்சு. மேளம் டுண்டுண் டுண்டுண். படையிலேருந்து ஒரு ஆபீசர் வந்து வெறைப்பா நிக்கிறாரு. வேளார் ஏணியில ஏறி, தூரிகைய மையில தொட்டு, கண்ணுக்கிட்ட கொண்டு போறாரு...

“நிறுத்துங்க!”ன்னா அப்பத்தா.

மேளம் டக்குன்னு நின்னுருச்சு. தலைவர் தலையில கையை வச்சுக்கிட்டாரு. “இன்னும் என்ன ஆத்தா கொறை?”

“கண்ணத் தொறந்துட்டா சாமியாயிருவான்ல? சாமிய நான் திட்ட முடியுமா? திட்ட வேண்டியது நெறைய இருக்கு. எல்லாரும் அப்படித் தள்ளி நில்லுங்க.”

ஊரே தள்ளிப் போச்சு. ஆபீசருக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவரும் நாலு எட்டுப் பின்னாடி போனாரு. அப்பத்தா இடுப்புல சேலையச் சொருகிக்கிட்டா.

“ஏண்டா, பொங்கலுக்கு வரேன்னு எழுதினியே, வந்தியா? பனியன் கிழிஞ்சுருச்சுன்னியே, நாலு வாங்கி வச்சனே, யாருடா போடுறது? யாரோ பெத்த பிள்ளைக்காகத் திரும்பிப் போனியே, இங்க ஒருத்தி பெத்து வச்சிருக்காளேன்னு ஒரு நிமிசம் நெனச்சியா? நீ செஞ்சது சரிதாண்டா. சரின்னு எனக்குத் தெரியும்டா. அதுக்காக என்னை இப்படி விட்டுட்டுப் போவியா?”

அப்புறம் அந்த மண்ணுக் காலைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. ஒரு வருஷத்து அழுகை. நானும் அழுதேன், தலைவரும் அழுதாரு, மேளக்காரரும் மேளத்து மேலயே கவுந்து அழுதாரு.

“ம்...”

தூங்கிட்டியோன்னு பாத்தேன். இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் அப்பத்தா மூக்கச் சிந்திட்டு எந்திரிச்சா. “வேளாரே, திட்டி முடிச்சாச்சு. கண்ணத் தொறங்க. ஆனா ஒண்ணு. மேல பாக்குற மாதிரி எழுதாதீங்க. ப்ளேன் சத்தம் கேட்டாப் போதும், சோத்துத் தட்ட விட்டுட்டு வாசலுக்கு ஓடி மேல பாத்துக்கிட்டு நிப்பான். மேல பாத்ததெல்லாம் போதும். கீழ பாக்கட்டும். தெருவுல நான் வந்தா என்னைப் பாக்கட்டும்.”

வேளார் மறுபடி தூரிகைய மையில தொட்டாரு. கீழ பாக்குற மாதிரியே எழுதிட்டாரு. மேளம் கொட்டுச்சு, டுண்டுண் டுண்டுண். ஆபீசர் சலாம் போட்டாரு. ஊர் பூரா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அப்பத்தா மட்டும் கும்பிடல. ஏணியில ரெண்டு படி ஏறி, அவன் கன்னத்தைத் தொட்டு, “சாப்பிட்டியாடா?”ன்னா. வீட்டுக்கு வந்து அவளும் சாப்பிட்டா. மூணு தோசை. நான்தான் சுட்டேன்.

இப்ப கேளு, அந்த ரூம்புல கொர்ர்ர் கொர்ர்ர்னு அவதான். அவன் கண்ணத் தொறந்தாச்சு, நீ கண்ண மூடு. கதையும் படுத்துருச்சு, தூங்குடி கண்ணு.