இசக்கியின் புது வாளி

ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவள் மரகதவல்லி. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் கம்பு சுற்றுவாள். எல்லோருக்கும் அவள் வாத்தியாரக்கா.

அவளிடம் கம்பு பிடித்த இசக்கியம்மாளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடிந்தால் விடுதிக்குப் பஸ் ஏற வேண்டும். முதல் வருஷம் தேறவில்லை என்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ப்ளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறியவள் அவள். இந்தத் தடவை விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா, கல்யாணச் சீர் கட்டுவது மாதிரியே சாமான் கட்டினாள். ஊசி, நூல், துணி காயப் போடும் கொடிக்கயிறு, பூட்டு இரண்டு. போன இடத்தில் பெண் ஒரு கரண்டிக்குக்கூட அடுத்தவள் முன்னால் போய் நிற்கக் கூடாது என்பது அந்த வீட்டு ரோஷம்.

கடைத்தெருவில் புது வாளி ஒன்று வாங்கி, சோப்பையும் சீப்பையும் அதற்குள் போட்டுக்கொண்டு இசக்கி வாத்தியாரக்கா வீட்டுக்குப் போனாள். மேஜை விளக்கு வாங்குவதா, இஸ்திரிப் பெட்டி வாங்குவதா என்று கேட்டாள்.

"எதுக்குட்டி இம்புட்டும்?"

"யாருகிட்டயும் எதுக்கும் போயி நிக்கக் கூடாதுக்கா."

மரகதவல்லி வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். வாளிக்குள் இருந்ததை எடுத்து இசக்கியின் மடியில் போட்டாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி உள்ளே உட்கார வைத்தாள். அது இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துச் சிரித்தது.

இசக்கியும் சிரித்து வைத்தாள். வாளி அவள் கண்ணிலேயே நின்றது. பிள்ளை குளித்து முடித்தது. மரகதவல்லி அதே தண்ணீரில் பிள்ளைத் துணியை ஊறப் போட்டாள். சோப்புப் போட்டாள். வெயில் எப்படி, அம்மாவுக்குக் கால்வலி தேவலையா என்று சாவகாசமாக விசாரித்தாள்.

இசக்கி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வாளியைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை. குருவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் என்ன நினைப்பார்கள்? இருட்டிக்கொண்டு வந்தது. கடை அடைத்துவிடுவார்கள்.

சட்டென்று எழுந்தாள். "வாரேங்க்கா."

"எங்க, வீட்டுக்கா?"

"கடைக்கு."

"என்ன வாங்க?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "வாளி."

மரகதவல்லி துணியைப் பிழிந்து உதறினாள்.

"இது யாரு வாளி?"

"எனக்குள்ளதுதான்."

"எங்கிட்ட எத்தனை வருஷமா கம்பு பழகுதே. எங்கிட்டயே, உன் வாளியத் தாங்கன்னு கேக்க வாய் வரல. கடைக்கு ஓடுதே."

"ஆமாக்கா."

"நாளைக்கு அங்க கணக்கு புரியலன்னா எந்தக் கடைக்குட்டி ஓடுவே?"