ஒரு சாண் இடைவெளி

"தாயே, நான் என்ன செய்தாலும் ஊர் அரிவாளைத்தான் எடுக்கிறது."

சொன்னவர் மாசிலாமணி. ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி. தலை முழுக்க நரை. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட ஏகவல்லி அம்மைக்கோ அவர் மகள் வயதுதான் இருக்கும். அதற்கென்ன, தாகம் எடுத்தவன் கிணற்றின் வயதையா கேட்பான்?

உட்காரச் சொன்னார் அம்மை. அவர் உட்காரவில்லை. தோளில் மண்வெட்டியோடு நின்றார்.

ஏரி மடையில் காவலுக்கு நின்றது அவருடைய ஒரே மகன் வேலாயுதம். இருட்டியதும் கடைமடைக்காரர்கள் திரண்டு வருவார்கள் என்று பேச்சு. பெற்ற மனசு பதறாதா?

நடந்ததைச் சொன்னார். ஏரியை ஒட்டிய மேல்மடை, வாய்க்கால் முடியும் கோடியில் கடைமடை; இரண்டு பக்கமும் நிலம் ஒரே அளவு. ஆனால் மேல்மடைக்கு ஆறு நாழிகைத் தண்ணீர், கடைமடைக்கு இரண்டு. அவர் பாட்டன் வைத்த முறை. கடைமடை முணுமுணுத்தது. சரி என்று இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு நாழிகை கூட்டினார். முணுமுணுப்பு அப்படியே இருந்தது. ஏரி நிரம்பியதும் இரண்டு பக்கத்துக்கும் இரட்டிப்பாக்கினார். அன்றைக்குத்தான் அரிவாள் வெளியே வந்தது.

"முன்பு மேல்மடைக்குக் கிடைத்ததைவிட இன்று கடைமடைக்கு அதிகம், தாயே. நன்றி கெட்ட சனங்கள்."

அம்மை ஒரு நெட்டைக் குச்சியும் ஒரு குட்டைக் குச்சியும் எடுத்துத் தரையில் நட்டார். நெட்டை குட்டையைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது.

மண்ணைக் குவித்து, இரண்டையும் பிடுங்கி அந்த மேட்டின்மேல் நட்டார்.

"இப்போது?"

"அதே ஒரு சாண்தான்."

அம்மை தரையைக் காட்டினார். சாயங்கால வெயிலில் இரண்டு நிழலும் நீண்டு கிடந்தன. நெட்டையின் நிழல் குட்டையின் நிழலைத் தாண்டி இரண்டு சாண் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் தள்ளிப் போனது.

மாசிலாமணி குனிந்து நிழல்களைப் பார்த்தார். கூட்டியதும் பெருக்கியதும் தன் கைதான்.

"அப்படியானால் திருப்பிப் போட்டுவிடுகிறேன். மேல்மடைக்குக் குறைவு, கடைமடைக்கு அதிகம்."

அம்மை குச்சிகளை இடம் மாற்றி நட்டார்.

"அரிவாள் கைமாறும். அவ்வளவுதான்."

ஏரிக்கரைப் பக்கம் கூச்சல் எழுந்தது. இருட்டும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. மாசிலாமணி கரைப் பக்கம் திரும்பினார். சொல்லுங்கள் தாயே, என் பிள்ளை அங்கே நிற்கிறான் என்று கெஞ்சினார்.

அம்மை நெட்டைக் குச்சியைப் பழைய இடத்துக்கே மாற்றி, அதைத் தொட்டார்.

"இது யாருடையது?"

மாசிலாமணி குச்சியையே பார்த்தார். பிறகு ஓடினார்.

கரையில் அரிவாள்கள் ஓங்கி நின்றன. எதிரே மேல்மடைக்காரர்கள் கம்புகளோடு. நடுவில் வேலாயுதம், முகத்தில் ரத்தமே இல்லை. நீர்க்கட்டியைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. இந்த முறை எந்தப் புதுக்கணக்கோடு வருகிறாரோ என்று ஒருவன் காறித் துப்பினான்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மகனையும் தாண்டிப் போனார். மேல்மடையின் முதல் வாய்க்காலில் இறங்கினார். தண்ணீர் முழங்கால்வரை பாய்ந்துகொண்டிருந்தது. மண்ணை வெட்டி அதன் வாயில் போட்டார். இன்னொரு வெட்டு.

வேலாயுதம் ஓடி வந்து மண்வெட்டியைப் பிடித்தான்.

"அப்பா, அது நம்ம வாய்க்கால்."

"தெரியும்டா. கையை எடு."