இலுப்பை மரத்துப் போர்வை

மலையடிவாரக் காட்டில், ஒரு குளக்கரையில், செந்தலை என்ற தையல்சிட்டு இருந்தது. இலைகளைச் சேர்த்துத் தைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்பது அதன் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய சமயம். குளத்தோரத்து இலுப்பை மரத்துக் கிளைக்கவட்டில் கூடு கட்டியிருந்த சோலைச்சி என்ற அணில் செந்தலையைத் தேடி வந்தது. குட்டி ஈன்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, மூன்று குட்டிகளுக்கும் உடம்பில் இன்னும் மயிர்கூட முளைக்கவில்லை. நான் இரை தேடப் போனால் விறைத்துப்போகின்றன. ஒரு போர்வை தைத்துத் தருவாயா?"

"தருகிறேன். காடே திரண்டு வந்து பார்க்கிற மாதிரி தருகிறேன்," என்றது செந்தலை.

"காடு பார்க்க வேண்டாம் அக்கா. குளிர் தாங்கினால் போதும்."

செந்தலை அதைக் காதில் வாங்கவில்லை. அதன் மனம் அதற்குள் வாதுமை மரத்துச் சிவப்பு இலைகளிடம் போய்விட்டது.

சிவப்பு இலைகளை நடுவில் வட்டமாக அடுக்கியது. சுற்றிலும் பூவரசின் பழுத்த மஞ்சள் இலைகள். ஓரத்துக்கு மீன்கொத்தி உதிர்த்த நீல இறகுகள். இரண்டு அடுக்குக்கு நடுவே எருக்கம்பஞ்சை வைத்து, சிலந்தி நூலால் பொடிப்பொடியாகத் தையல் போட்டது. கொஞ்சம் தைக்கும், எதிர்மரத்துக்குப் பறந்துபோய்ப் பார்க்கும், திரும்பி வந்து பிரிக்கும்.

"முடிந்ததா அக்கா?" என்று அணில் தினமும் வந்து கேட்டது.

"இந்த மூலையில் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது. நாளைக்கு வா."

நான்காம் நாள் போர்வை கூட்டின் மேல் விரிந்தது. மைனாக்கள் வந்து பார்த்தன. குரங்குகள் வந்து பார்த்தன. மயில்கூட வந்து, "மரத்தில் சூரியன் உதித்த மாதிரி இருக்கிறது," என்று சொல்லிவிட்டுப் போனது. செந்தலைக்கு அன்று பசியே எடுக்கவில்லை.

மறுநாள் காலை வானத்திலிருந்து ஒரு வல்லூறு கல் விழுவதுபோல் இலுப்பை மரத்தில் இறங்கியது.

அணில் அலறிக்கொண்டு குட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்தது. வல்லூற்றின் நகம் அதன் முதுகைக் கிழித்தது. இன்னொரு கால் போர்வையின் தையலில் சிக்கிக்கொண்டது. அதை உதறிவிட்டு வல்லூறு உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தது.

"நல்ல போர்வை. மலை உச்சியில் இருந்தேன், அங்கேயே கண்ணைப் பறித்தது," என்றது. "நாளைக்கும் வருவேன்." சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

நேற்று எல்லோரும் இப்படித்தான் போர்வையைப் புகழ்ந்தார்கள். இன்று அதைக் கேட்டதும் செந்தலை எதிர்மரத்திலிருந்து கூட்டுக்குப் பறந்து வந்தது.

"இதை எடுத்துப் போட்டுவிடு அக்கா," என்றது அணில். முதுகில் ரத்தம் கசிந்தது. "குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்துக்குப் போக என்னால் முடியாது. ஆனால் போர்வை இல்லாவிட்டால் பனியில் செத்துப்போகும். என்ன செய்வேன்?"

செந்தலை அலகால் இலைகளையும் இறகுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழே போட்டது. நான்கு நாள் உழைப்பு குளத்தில் மிதந்தது. பார்க்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு அது இலுப்பை மரத்தின் பட்டையை உற்றுப் பார்த்தது. சாம்பல் நிறம், இடையிடையே பழுப்பு வெடிப்பு, வடக்குப் பக்கம் மட்டும் மங்கலாகப் பாசி. இத்தனை நாள் இந்த மரத்தில் உட்கார்ந்தும் அதையெல்லாம் ஒருநாளும் கவனித்ததில்லை. சருகுகளைப் பொறுக்கி வந்தது. பட்டையின் வெடிப்பு எந்தப் போக்கில் ஓடியதோ அந்தப் போக்கிலேயே இலை நரம்புகளை வைத்துத் தைத்தது. வடக்கு ஓரத்தில் பாசியைச் செருகியது. பழைய பஞ்சு முழுவதையும் உள்ளே திணித்தது. எதிர்மரத்துக்குப் பறந்துபோய்ப் பார்த்தது. கூடு எங்கே என்று அதற்கே ஒரு கணம் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் வல்லூறு வந்தது. கூட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கிளையில் உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. எதிர்மரத்தில் செந்தலை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"எங்கோ ஓடிவிட்டார்கள்," என்று சலித்துக்கொண்டு வல்லூறு பறந்துபோனது. அதன் பிறகு வரவேயில்லை.

அந்தப் போர்வையைப் பார்க்க யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. செந்தலை மட்டும் ஒருநாள் காலை பனி விலகியதும் மெல்லக் கூட்டருகே போனது.

"எப்படி இருக்கிறது சோலைச்சி?"

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் அணிலின் குரல் வந்தது: "குளிரவில்லை அக்கா."

பார்ப்பவர் மெச்சுவதற்காகச் செய்வதை விட, யாருக்காகச் செய்கிறோமோ அவர் தேவைக்கு உதவும்படி செய்வதே சிறந்த கைவேலை.