நாலாவது அளவு

"இதுல இன்னும் என்ன மேடம் குறை?"

சிற்றம்பலம் இப்படிக் கேட்பது அன்று காலையில் மட்டும் மூன்றாவது தடவை.

பேராசிரியர் ஜெசிந்தா அவர் நீட்டிய தாளை வாங்கி, மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் சிற்றம்பலம். ஏன் இந்த வயதில் என்று கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவார். ஜெசிந்தாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரு ஆண்டுவிழா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே முந்திரி கேக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் வேண்டாம் என்றாள். "அட, சும்மா சாப்பிடும்மா" என்றார். அவள் கண் திறக்க மூன்று நாள் ஆயிற்று.

முந்திரியில் இருக்கும் சில புரதங்களைச் சிலருடைய உடம்பு விஷமாக நினைத்துக்கொள்கிறது. தடிக்கும், வீங்கும், மூச்சு அடைக்கும். அந்தப் புரதங்களை உடைத்துவிட்டு, அவர்களும் சாப்பிடக்கூடிய ஒரு பொடியைச் செய்ய வேண்டும். அதற்காக நாலு வருடம் ஊறவைத்தார், வேகவைத்தார், நொதி சேர்த்தார், கொட்டினார், மறுபடி ஊறவைத்தார்.

கடைசியில் ஒரு பொடி கிடைத்தது. அதைக் கருவியில் நாற்பது தடவை வைத்துப் பார்த்தார். நாற்பது தடவையும் ஒரே பதில்தான். ஒவ்வாமைப் புரதம் காணப்படவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் அதைச் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறாள். அவளிடம் கொடுக்க வேண்டிய விளக்கத் தாள்தான் இப்போது ஜெசிந்தாவின் கையில் இருந்தது.

ஜெசிந்தா பேனாவைத் திறந்து ஒரு வரியை அடித்தார்.

'இந்தப் பொடி பாதுகாப்பானது.'

சிற்றம்பலம் தாளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தார்.

'பாதுகாப்பானது என்று நம்புகிறோம்.'

அதையும் அடித்தார்.

சாயங்காலம் வந்தார்.

'இதில் ஒவ்வாமைப் புரதம் இல்லை.'

அதுவும் போயிற்று.

"நாப்பது தடவை பாத்திருக்கேன் மேடம். நாப்பது தடவை!"

"கருவி எதைத் தேடுது?"

"நாம தேடச் சொன்னதைத் தேடுது."

"அந்தப் பொண்ணோட உடம்பு?"

சிற்றம்பலம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. உருவம் மாறிப்போன புரதத்தைக் கருவிக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். உடம்புக்குத் தெரிந்துவிட்டால்? பஸ்ஸில் போகும்போது அதுதான் ஓடியது. பல் தேய்க்கும்போதும் அதுதான். மூன்றாம் நாள் காலையில் நேராக ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

"வேண்டாம்னு சொல்லிடலாம் மேடம்."

"யாருக்காக?"

"அந்தப் பொண்ணுக்காகத்தான்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"தாள்ல அடிச்ச அந்த இடத்தைக் காலியா விட்டுட்டு வாங்க" என்றார் ஜெசிந்தா. "எல்லாத்தையும் ஆஸ்பத்திரியில பேசிக்கலாம்."

பொடியைச் சாப்பிட்டுப் பார்க்கச் செந்தாமரை காலையில் முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பண்ருட்டிக்காரி. தெருவுக்குத் தெரு முந்திரி உடைக்கிற ஊர். வறுக்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

டாக்டர் ஊசி மருந்தைத் தட்டில் எடுத்து வைத்தார். நர்ஸ் ஆக்சிஜன் குழாயைத் திறந்து பார்த்து மூடினாள். சிற்றம்பலம் ஒவ்வொன்றையும் பார்த்தார்.

செந்தாமரை தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணும் எழுதலையே சார்?"

சிற்றம்பலம் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல... இதைச் சாப்பிட்டா உனக்கு என்ன ஆகும்னு எழுதணும்மா."

"என்ன ஆகும்?"

"எனக்குத் தெரியலை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"பயமா இருக்கும்மா" என்றார். "நீ வேணாம்னா இப்பவே எழுந்து போயிடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

செந்தாமரை தாளை மடியில் வைத்தாள்.

"போன வருஷம் ஒரு கல்யாணத்துல, பரிமாற வந்தவர்கிட்ட குருமாவுல முந்திரி இருக்கானு கேட்டேன். 'ஒண்ணுகூட இல்லம்மா, தைரியமா சாப்பிடு'ன்னார். முந்திரி விழுது எடுத்த கரண்டியை அதுல விட்டிருக்காங்க. ஒரே ஒரு வாய்தான். மண்டபத்துலேயே விழுந்துட்டேன்."

தாளின் காலியிடத்தில் மறுபடியும் விரலை வைத்தாள்.

"என் மகளுக்கும் இது இருக்கு சார். நாலு வயசு. என்னைக்காவது ஒருநாள் அவளுக்கு இந்தப் பொடியைக் கொடுப்பீங்க இல்ல? அதுக்கு முன்னாடி நான் சாப்பிட்டுப் பாக்குறேன். தெரியலைனே எழுதிக் கொடுங்க."

சிற்றம்பலம் 'தெரியவில்லை' என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஜெசிந்தா டம்ளரை வைத்துவிட்டு வந்து கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

முதல் அளவு, கடுகு அளவு. இருபது நிமிடம் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது, மிளகு அளவு. இருபது நிமிடம். செந்தாமரை தன் மகளின் போட்டோவைப் போனில் நர்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, அரை ஸ்பூன். "மாவு மாதிரிதான் இருக்கு, ருசியே இல்ல" என்றாள். டாக்டர் சிரித்தார். சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் போயிற்று.

நாலாவது, ஒரு ஸ்பூன்.

பதினோராவது நிமிடம் அவள் கழுத்தைச் சொறிந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சா..." குரல் கட்டியிருந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதுவரை ஏறியது.

"தள்ளுங்க" என்றார் டாக்டர். தொடையில் ஊசி இறங்கியது. நர்ஸ் முகமூடியைப் பொருத்தினாள். செந்தாமரையின் நெஞ்சு மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கியது. சிற்றம்பலம் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

அரை மணி நேரத்தில் தடிப்பு வடிந்தது. மூச்சு சீராயிற்று.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும். பாத்துட்டு அனுப்பலாம்."

சிற்றம்பலம் வராந்தாவுக்கு வந்தார். ஜெசிந்தா பின்னாலேயே வந்தார்.

"நாலு வருஷம் மேடம். எல்லாம் தண்ணியில போச்சு. இன்னொரு பொண்ணையும் படுக்க வச்சுட்டேன். நான் விட்டுடறேன்."

ஜெசிந்தா கைப்பையிலிருந்து ஆய்வு நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"எழுதுங்க."

"என்ன எழுத?"

"நடந்ததை."





அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து எழுதினார். நாலாவது அளவு. பதினோராவது நிமிடம். கழுத்தில் தடிப்பு, குரல் கட்டுதல், மூச்சுத் திணறல். ஊசி போட்ட நேரம். அடியில் ஒரு கோடு இழுத்தார். நோட்டை மூடினார்.

"சார்."

திறந்திருந்த கதவு வழியாக உள்ளிருந்து குரல் வந்தது. கரகரத்த குரல். செந்தாமரை முகமூடியைக் கையால் விலக்கிக்கொண்டு, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவதுவரைக்கும், அரை ஸ்பூன் சாப்பிட்டும், எனக்கு ஒண்ணும் ஆகலைனு எழுதிட்டீங்களா?"

அவர் எழுதியிருக்கவில்லை.