ஆமையின் ஓட்டில் கட்டிய நூல்கள்

கரும்பாறை மலையுச்சியில் ஒரு குகை. அதில் ஓர் ஆமை. அந்த மலை கூழாங்கல்லாக இருந்தபோதே ஆமைக்கு முதுகுவலி வந்துவிட்டதாம்; அவ்வளவு வயசு!

எந்தப் பழத்தை யார் தின்னலாம் என்பது அதற்கு அத்துப்படி. குகைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். "யாருக்கு? என்ன பழம்?" என்று ஆமை கேட்கும். "தின்னலாம்" அல்லது "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஒருநாளும் பிசகியதில்லை.

ஆனால் மலையேறி இறங்குவதற்குள் பழமே அழுகிவிடும்! விலங்குகள் சிலந்தியைக் கூப்பிட்டன.

"நூல் இழுத்துத் தருகிறேன். இருந்த இடத்திலிருந்தே ஆமையிடம் பேசலாம். மறுமுனையை எங்கே கட்ட?" என்றது சிலந்தி.

"குகை வாசலில் என்னிடம் கட்டு," என்றது மைனா. "ஒவ்வொரு கேள்வியாக உள்ளே கொண்டுபோவேன். பதிலை அவரவர் நூலில் மட்டும் சொல்வேன். ஆனால் ஆமையாரின் போக்கு எனக்குப் பிடிபட மழைக்காலம் ஆகிவிடும்."

முயலுக்குப் பொறுக்கவில்லை. கோடையில் புல் கருகி, அதற்குப் பால் வற்றியிருந்தது. வளையில் ஒற்றைக் குட்டி பசியில் சுருண்டு கிடந்தது.

"மழைக்காலமா! அதுவரை என் குட்டி காற்றையா தின்னும்? நேரே ஆமையின் ஓட்டிலேயே கட்டு, சிலந்தியக்கா! நடுவில் இவளுக்கு என்ன நாட்டாமை?"

"அதானே!" என்றன மற்றவை. பொழுது சாய்வதற்குள் எல்லா நூலும் ஆமையின் ஓட்டில் ஏறிவிட்டன.

மறுநாள் காலை இருவாச்சிப் பறவை தன் நூலில் கேட்டது: "எனக்கு எட்டிப்பழம் ஆகுமா?"

அதே நொடியில் முயலும் கேட்டது: "என் குட்டிக்கு இந்தச் சிவந்த பழம் ஆகுமா, ஆமையாரே?"

ஆமையின் காதில் விழுந்தது இருவாச்சியின் கேள்விதான். "தின்னலாம்!" என்றது. அந்தச் சொல் எல்லா நூல்களிலும் ஓடியது.

முயலின் கையில் இருந்ததும் எட்டிப்பழம்தான். இருவாச்சிக்கு அது விருந்து, முயலுக்கோ நஞ்சு. தாய் ஆசையாகப் பிட்டு ஊட்டியது. உச்சிப்பொழுதுக்குள் குட்டி விறைத்துவிட்டது.

முயல் அலறிக்கொண்டு மலையேறியது. "தின்னலாம் என்றீரே!"

"இருவாச்சிக்கல்லவா சொன்னேன், தாயே! என் முன்னால் எப்போதும் ஒருவர்தானே நிற்பார்? பெயர் சொல்லிப் பதில் சொல்ல நான் பழகவில்லையே!" என்று ஆமை அழுதது.

முயல் தன் நூலை அவிழ்த்தது. வாசலில் நின்ற மைனாவிடம் நீட்டியது.

"நீ மெதுவாகவே பழகிக்கொள், மைனா. எனக்கு இனி அவசரமில்லை."

பழைய அறிவைப் பலருக்கும் திறந்துவிடும்போது, அதன் போக்குத் தெரிந்த ஒருவரை வாசலில் வைக்கப் பொறுமையில்லாதவர், பிறகு எவ்வளவு பொறுத்தாலும் இழந்தது திரும்பாது.