சிரட்டைப் புகைச் சம்பல்

மண்டபம் கடற்கரையை ஒட்டி ஓர் ஆசிரமம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் உடம்பு தேறும்வரை அங்கே தங்குவார்கள். மீனும் இறைச்சியும் அதன் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

ஆசிரமத்தை நடத்தியவர் தவமணி அம்மா. நாற்பது வயது இருக்கும். அவருடைய சீடர் திருமேனி, அவரைவிட இருபது வயது மூத்தவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்து, சமையலைக் கவனித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து சைவம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சவரிமுத்து என்பவரைக் கொண்டுவந்து விட்டார்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து முகாமில் இருந்தவர். குடல் ஆபரேஷன் முடிந்து புண் ஆறிவிட்டது. ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறார். கஞ்சி வைத்தால் ஒரு வாய். அதற்குமேல் தலையைத் திருப்பிக்கொள்வார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னதான் வேணும், சொல்லுங்க" என்று கேட்டார் திருமேனி.

"கேட்டா கோவிப்பியள்."

"மாட்டேன்."

"மாசிச் சம்பல். போத்தல்ல அடைச்சுக் கடையில விக்கிறாங்களே, அது. கொஞ்சம் தொட்டுக்கொண்டா கஞ்சி இறங்கும்."

சூரை மீனை அவித்து, புகைகாட்டி, கல்லுப்போலக் காயவைத்தது மாசி; அதை மிளகாய், தேங்காயோடு இடித்தால் சம்பல். திருமேனி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் ஐயா. இது உங்கட கோயில் மாதிரி. நான் சும்மா சொன்னனான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார் சவரிமுத்து.

திருமேனி குருவிடம் போனார். "மீன் இல்லாம அதைச் செஞ்சு கொடுத்தா என்னம்மா?"

"கொடுங்களேன்."

காளானைக் காயவைத்தார். மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், உப்பு சேர்த்து இடித்தார். சவரிமுத்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்லாயிருக்கு" என்றார். கஞ்சி அப்படியே இருந்தது. மறுநாள் புளி கூட்டினார். அன்றும் "நல்லாயிருக்கு." அன்றும் கஞ்சி திரும்பி வந்தது.

"அம்மா, என் நாக்கு அறியாத ருசியை நான் எப்படிச் செய்வேன்?"

 தவமணி அம்மா ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு நடந்தார். சவரிமுத்துவின் கட்டிலருகே போட்டார். திருமேனியை அதில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்.

 திருமேனி, "உங்க வீட்டில யார் சம்பல் இடிப்பாங்க?" என்று கேட்டார்.

சவரிமுத்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். "என்ர மனுசி" என்றார்.

அவர் பேச ஆரம்பித்தார். மாசி பல்லுக்குள் எப்படி அகப்படும், அடுப்பு மூட்டும்போது எந்தப் புகை வீட்டை நிறைக்கும், மனைவி மிளகாயைக் கருகப்போகும் நேரத்தில் எப்படி எடுப்பாள், படகேறி வந்த வழியில் அவள் எப்படி உயிர்விட்டாள். விளக்கு வைக்கும்வரை பேசினார். திருமேனி எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காய்ந்த காளானைச் தேங்காய்ச் சிரட்டை நெருப்பின் மேல் தொங்கவிட்டார். கடற்கரைப் பெண்களிடம் கடல் வாடைக்காகக் கடற்பாசி வாங்கி, அதை ஊறவைத்த தண்ணீரில் தோய்த்து மறுபடி காயவைத்தார். கண் சிவந்து, கை கொப்பளித்தது. காளான் உடைக்க முடியாதபடி இறுகியதும் இடித்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தார்.

"கடையில வாங்கினது. அம்மாதான் அனுமதி கொடுத்தாங்க" என்று நீட்டினார்.

சவரிமுத்து பாட்டிலைப் பார்த்தார். திருமேனியின் கையைப் பார்த்தார். பிறகு சம்பலைத் தொட்டுக்கொண்டு கஞ்சி முழுவதையும் குடித்தார்.

"அம்மா, பொய் சொல்லிட்டேன்" என்றார் திருமேனி.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்."

"உறுத்துதா?"

"உறுத்துது."

"உறுத்தட்டும்."

கஞ்சி சோறானது. சவரிமுத்து எழுந்து உட்கார்ந்தார், பிறகு நடந்தார். மழை ஓய்ந்து வெயில் வந்ததும் முகாமுக்குத் திரும்ப நாள் குறித்தார்கள். புறப்படும் அன்று காலை அவர் அடுப்படிக்கு வந்தார்.

"ஐயா, உங்கட சம்பல் ஒரு போத்தல் தருவியளோ?"

திருமேனிக்கு வேர்த்தது. "அது கடையில..."

"கடைச் சம்பல் எனக்குத் தெரியாதோ? அதில இந்தச் சிரட்டைப் புகை மணக்காது."

"முதல் நாளே தெரியுமா?"

"உங்கட கையைப் பார்த்தனான். பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

திருமேனியின் கண் நிறைந்துவிட்டது. நேராகக் குருவிடம் போனார்.

தவமணி அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திருமேனி எல்லாவற்றையும் சொன்னார். "அம்மா, முகாம் வாசல் கடையிலேயே அசல் மாசி கிடைக்கும். இனிமே அவரைத் தடுக்க யாருமில்ல. இது மாசி இல்லைன்னும் அவருக்குத் தெரியும். பிறகு எதுக்கு இதைக் கேட்கிறார்?"

அம்மா ஈரத்துணியை உதறினார்.

"ஒரு பாட்டில் போதுமான்னு கேட்டீங்களா?"