மணி அடிக்க மறந்தவர்

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் அமர்ந்தால், வெளியே மணி அடிக்கும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, எழக் கூடாது. குரு திலகவதி அம்மாளுக்கும் அதே விதிதான்.

மணி அடிப்பவர் கோதண்டம். அம்மாளைவிட வயதில் மூத்த சீடர். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். அடிக்கத்தான் மறந்துவிடுவார்.

அன்றும் மறந்தார். மணியடிக்கப் போகிற வழியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானர் எடுக்கப் போன இடத்தில் சைக்கிள் செயின் கழன்று கிடந்தது. உள்ளே வயிறுகள் சத்தம் போட்டன. கண்கள் மூடியே இருந்தன. சர்க்கரை நோய்க்காரரான பூவராகன் தொப்பென்று சரிந்த சத்தம் கேட்டுத்தான் கோதண்டம் கிரீஸ் கையோடு ஓடி வந்து மணியை அடித்தார். எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பூவராகன் தெளிந்தார். அம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி கோதண்டத்தின் மேல், பாதி கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த தன் மேல்.

"கோதண்டம், உங்க மறதியைக் காட்டப் போனீங்களே, டவுன் டாக்டர் என்ன சொன்னார்?"

"ஏடிஹெச்டின்னு சொன்னார்மா. கவனம் ஒரு இடத்துல நிக்காதாம். சின்ன வயசிலேர்ந்தே இருக்காம். மாத்திரை கொடுத்தார். போட்டுப் பார்ப்போம், ஒத்துக்கலைன்னா மாத்தலாம்னார்."

"போட்டீங்களா?"

கோதண்டம் இடுப்பு மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அட்டைதான் நைந்துபோயிருந்தது.

"உங்ககிட்ட கேட்டுட்டுப் போடலாம்னு."

"பொங்கலுக்குப் போனீங்க. இப்ப சித்திரை. கேட்க வேண்டியதுதானே?"

"கேட்கத்தான் வந்தேன். வழியில..."

"குழாயா?"

"தென்னை மட்டை விழுந்து கிடந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை.

"மணியை வேற யார்கிட்டயாவது கொடுங்கன்னு எல்லாரும் என் உயிரை வாங்கறாங்க. நான்தான் இழுத்துப் பிடிச்சிட்டிருக்கேன். டாக்டர் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

"வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்மா. தியானத்திலேயே சரியாயிடும்னு."

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் உட்கார்ந்தீங்களே, சரியாச்சா?"

கோதண்டம் பூவராகனைப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் இன்னும் அவர் கையில் இருந்தது.

"இல்லைம்மா. ஆனா மாத்திரை போட்டு மனசு நின்னா, அது நான் நிறுத்தினதா? மாத்திரை நிறுத்தினதுதானே?"

அம்மாள் கூடத்தைக் காட்டினார்.

"இப்ப மணி அடிச்சீங்க. இவங்க எல்லாரும் எழுந்தாங்க."

"ஆமாம்மா."

"எழுந்தது யாரு, மணியா?"

கோதண்டம் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்தார். வெளியே குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.